இரண்டு கைகளுக்குள் ஒரு சிம்பொனி – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன். ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பீத்தோவன் எழுதிய ஏழாவது சிம்பொனியைப் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் தனிப் பியானோவுக்கு மாற்றி எழுதியிருக்கிறார் அல்லவா, அதன் இரண்டாம் பகுதியை வரும் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆலயத்தில் நடக்கும் இசை நிகழ்ச்சியில் வாசிக்க எண்ணியிருக்கிறேன். என் கை சிறியது. ஓர் ஆக்டேவை (ஒரு ஸ மு���ல் அடுத்த ஸ வரையிலான தூரத்தை) தாண்டி எட்டுவதே பெரும்பாடு. எட்டாத சுரங்களை விட்டுவிடுவது லிஸ்டுக்குச் செய்யும் துரோகமாகாதா? பெரிய கார்டுகளை, அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டிய சுரக் கூட்டங்களை, ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசித்துச் சமாளிக்கலாமா? எங்கள் அப்ரைட் (கம்பிகள் நிமிர்ந்து நிற்கும்) பியானோவின் நடுப் பெடல் இதற்கு உதவுமா?

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

துரோகம் என்பது பெரிய வார்த்தை. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பியானோவுக்கு எழுதி முடித்து 1865-இல் வெளியிட்ட லிஸ்டே, ஒன்பதாவதன் இறுதிப் பகுதி இரண்டு கைகளுக்குள் அடங்காது என்று பதிப்பாளருக்கு எழுதி ஒதுங்கப் பார்த்தவர்தான். கடினமான இடங்கள் பலவற்றுக்கு மாற்று வாசிப்பையும் அவரே சிறிய எழுத்தில் தந்திருக்கிறார். ஆகவே விடுவதற்குத் தயங்க வேண்டாம். ஆனால் எதை விடுவது என்பதை லிஸ்டின் தாளை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். எல்லா வாத்தியங்களின் சுரங்களும் எழுதப்பட்ட பீத்தோவனின் ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரைப் பக்கத்தில் விரித்துவைத்து, ஒவ்வொரு சுரமும் எந்த வாத்தியத்திலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே சுரம் இரண்டு மூன்று ஸ்தாயிகளில் இரட்டித்து வந்தால் அது கனத்துக்காக வந்தது; நடுவில் இருப்பதை விட்டால் கேட்பவர் யாருக்கும் தெரியாது. அடித்தளச் சுரத்தையோ, மேல் மெட்டுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே தனித்து நகரும் ஓர் உள்வரியையோ விட்டால் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும்.

1813 டிசம்பரில் வியன்னாவில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோதே, கேட்டவர்கள் மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பகுதி, நீங்கள் எடுத்திருக்கும் இந்த இரண்டாம் பகுதி. அதன் உயிர் தாளத்தில் இருக்கிறது: ஒரு நெடில், இரு குறில், இரு நெடில். முதலில் வயலின் குடும்பத்தின் தாழ்ந்த வாத்தியங்களான வயோலாவும் செல்லோவும் டபுள் பாஸும் தணிந்த குரலில் இதைச் சொல்கின்றன. அடுத்த சுற்றில் இரண்டாம் வயலின்கள் அதை வாங்கிக்கொள்ள, வயோலாவும் செல்லோவும் கூடவே ஒரு நீண்ட மெட்டைப் பாடத் தொடங்குகின்றன. ஆர்கெஸ்ட்ராவில் வாத்தியத்தின் நிறமே இரண்டையும் பிரித்துக்காட்டிவிடும். பியானோவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் விழுவதால், விரலின் அழுத்தம் ஒன்றுதான் அவற்றைப் பிரித்தாக வேண்டும். அங்கே தாளத்தைச் சொல்லும் கார்டுகளிலிருந்து ஒன்றிரண்டு சுரங்களைக் குறைத்து, மெட்டைப் பாடும் விரல்களுக்கு இடம் கொடுங்கள். சுரம் ஒன்றுகூடப் பிசகாமல் வாசித்து மெட்டைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

உருட்டி வாசிப்பதை இந்தப் பகுதியில் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உருட்டினால் அடி எங்கே விழுகிறது என்பது மங்கி, அந்த இரு குறில்களும் குழம்பிப்போகும். முழு ஆர்கெஸ்ட்ராவும் உரத்து ஒலிக்கும் இடத்தில்கூட, எட்டாததை விட்டுவிட்டு எட்டியதை ஒன்றாக அடிப்பதே மேல்.

நீங்கள் ஆர்கன் வாசிப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்கனில் கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஒலி குன்றாது; பியானோவில் சுத்தியல் கம்பியில் பட்ட கணமே அது தேயத் தொடங்குகிறது. தொடக்கத்தில் காற்று வாத்தியங்கள் உரத்து எழுப்பி மெல்ல அடக்கும் அந்த ஒற்றைக் கார்டுக்கு இந்தத் தேய்வு வரப்பிரசாதம். நீண்ட மெட்டுக்கோ அதுவே எதிரி. சபையாரின் பாட்டோடு இழுத்து வாசித்துப் பழகிய கை இதையும் இழுக்கப் பார்க்கும். (நம் ஊர்ச் சபைகள் கீர்த்தனையை எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.) பீத்தோவன் குறித்த வேகம் நிமிடத்துக்கு 76 அடி. அதை ஒட்டி வாசித்தால், ஒரு சுரம் தேய்வதற்குள் அடுத்தது வந்து தாங்கிக்கொள்ளும்.

நடுப் பெடலை நம்ப வேண்டாம். அப்ரைட் பியானோக்களில் பெரும்பாலும் அது சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு கம்பளிப் பட்டையை இறக்கி ஒலியைக் குறைப்பதற்காக இருப்பது. வேண்டிய சுரங்களை மட்டும் நீட்டிப் பிடிக்கும் நடுப் பெடலுக்குப் பியானோ நிறுவனமான ஸ்டைன்வே காப்புரிமை பெற்றது 1874-இல்; லிஸ்டின் பதிப்பு அதற்கு முந்தியது. அடித்தளச் சுரம் மாறும் இடந்தோறும், ஒலியை நீட்டும் வலப் பெடலை மாற்றி மிதித்தால் போதும். உயர்ந்த கூரையுள்ள ஆலயத்தில் எதிரொலியே பெடலின் வேலையில் பாதியைச் செய்துவிடும் என்பதால், வீட்டில் பழகும் அளவைவிட அங்கே குறைத்தே மிதியுங்கள்.