ஈடேலில் ஒரு நாள்: கிண்டரா, மாம் டோரா?

கேள்வி: மான்செஸ்டரில் வசிக்கிறோம். அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் பத்து வயது மகனோடு ரயிலில் ஈடேல் கிராமத்துக்குப் போய், நடந்துவிட்டு மாலையே திரும்பலாம் என்று இருக்கிறோம். அங்கே கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏற ஆசை. உயரம் 636 மீட்டர்தானே, சிரமம் இருக்காது என்கிறார்கள் நண்பர்கள். மூர்லாந்தில், அதாவது புல்லும் புதரும் மண்டிய திறந்த மேட்டுநிலத்தில், பாதையை விட்டு விலகியும் நடக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது என்றும் சொல்கிறார்கள். எந்த வழியில் போவது?

பதில்: அந்த 636ஐ முதலில் மறந்துவிடுங்கள். ஈடேல் ரயில் நிலையமே ஏறத்தாழ 240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மீதி 400 மீட்டரை உங்கள் பையன் உங்களுக்கு முன்னால் ஏறிவிடுவான். கிண்டரில் ஆட்கள் திணறுவது ஏறி முடித்த பிறகுதான். கீழிருந்து மலையாகத் தெரிவது, மேலே போனால் மேசைப் பலகை மாதிரி பரந்து கிடக்கும். நடுப்பகுதி முழுக்கக் கறுப்பு பீட் மண், அதாவது செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த ஈர மண். மழைநீர் அதை அறுத்து அறுத்து ஆளுயரப் பள்ளங்களாக்கி வைத்திருக்கிறது. ஒன்றில் இறங்கினால் இரண்டு பக்கமும் ஈர மண்சுவர், மேலே ஒரு துண்டு வானம், அவ்வளவுதான். நாலு பள்ளம் இறங்கி ஏறினால் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே மறந்துவிடும்.

முதல் தடவை போனபோது எனக்கும் இதுதான் நடந்தது. மூடுபனி. திசைகாட்டி பைக்குள்ளே, நான் ஏதோ தெரிந்த மாதிரி நேராக நடந்துகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து எதிரில் ஒரு பூட்ஸ் தடம். அப்பாடா, ஆள் போன வழி என்று குனிந்து பார்த்தால், வலது குதிகாலில் ஒரு ரப்பர் கட்டை குறைகிறது. என் பூட்ஸிலும் அதே கட்டைதான் உடைந்திருந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கிண்டரில் விளிம்பை விட்டு உள்ளே போகாதீர்கள். மேட்டின் ஓரமாகவே நல்ல பாதை ஓடுகிறது. ஒரு பக்கம் எப்போதும் பள்ளத்தாக்கு இருக்கும். பனி மூடினாலும் நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்பது காலுக்குத் தெரியும்.

‘உச்சியைத் தொட வேண்டாமா?’ என்று பையன் கேட்பான். அந்த 636 மீட்டர் இடம் பீட் மண்ணுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன மேடு. தேடிப் போனவர்கள் பலரும் ‘இதுதானா?’ என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். விளிம்புக்குப் பக்கத்திலேயே கிண்டர் லோ என்ற இடத்தில் 633 மீட்டரில் ஒரு வெள்ளை நில அளவைத் தூண் நிற்கிறது. அதைத் தொட்டால் போதும். மூன்று மீட்டருக்காகச் சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

இனி நேரக் கணக்கு. மலை நடையில் 1892 முதல் புழங்கும் நெய்ஸ்மித் விதி இப்படி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. நான் சொல்லப்போகும் கிண்டர் சுற்று சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர். கணக்குப்படி மூன்றேகால் மணி. ஆனால் அது நிற்காமல் நடக்கும் பெரியவருக்கு. பையன் ஆட்டைப் பார்ப்பான், கல்லில் ஏறுவான், பசிக்கிறது என்பான். ஐந்தரை மணி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு போனால் நாலே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினால் சரி. பதினொன்றரை ரயிலில் போய் இறங்கிவிட்டு கிண்டர் என்றால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தாமதமாகிவிட்டால், அல்லது மேகம் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தால், பள்ளத்தாக்கின் எதிர்ப் பக்கம் போங்கள். கிராமத்திலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் கணவாய்க்கு ஏறி, முகட்டிலேயே மேற்கே நடந்து 517 மீட்டர் உயர மாம் டோர் குன்று, பிறகு பார்பர் பூத் சிற்றூர் வழியாக இறக்கம். சுமார் 8 கிலோமீட்டர். முகட்டில் பெரும்பாலும் கல் பாவியிருக்கிறார்கள், வழி தவறுவது கடினம். ஈடேலுக்குச் சொந்தமாகத் தேவாலயம் இல்லாத காலத்தில் சவப்பெட்டிகளை ஹாலின்ஸ் கிராஸ் கணவாய் வழியாகத்தான் அந்தப் பக்கத்துக் காஸல்டன் ஊரை நோக்கிச் சுமந்துபோனார்கள். மாம் டோரின் கிழக்கு முகம் இன்னும் சரிந்துகொண்டே இருக்கிறது. அதன் அடியில் போன நெடுஞ்சாலையைப் பலமுறை செப்பனிட்டுப் பார்த்துவிட்டு 1979இல் கைவிட்டார்கள். நொறுங்கிய தார்ச் சாலை மேலிருந்தே தெரியும், பையனுக்குக் காட்டுங்கள். உண்மையைச் சொன்னால், குழந்தையோடு முதல் தடவை போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சட்டம் பற்றி நண்பர்கள் சொன்னது பாதி சரி. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு தொழிலாளர்கள் ஹேஃபீல்ட் ஊர்ப் பக்கமிருந்து இதே கிண்டரில் நில உரிமையாளர்களின் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த நிலத்தில் நடக்கும் உரிமை சட்டமானது 2000ஆம் ஆண்டில். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் (இந்தப் பகுதிக்கு எண் ஓஎல்1) வெளிர் மஞ்சள் பூசிய நிலத்தில் பாதை இல்லாமலும் நடக்கலாம். மஞ்சள் இல்லாத இடத்தில், அதாவது கிராமத்தைச் சுற்றிய வயல்களில், பச்சைக் கோடு போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. நடக்கத்தான் உரிமை, சைக்கிளுக்கும் கூடாரத்துக்கும் இல்லை. நெருப்பு மூட்டவே கூடாது. காய்ந்த பீட் பற்றிக்கொண்டால் மண்ணுக்கு அடியில் நாள்கணக்கில் புகையும். வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

உரிமை இருக்கிறது என்பதற்காகக் கால் வைத்த இடமெல்லாம் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மூரில் தரையை நிறத்தால் படிக்க வேண்டும். கருஞ்சிவப்பாகக் காய்ந்து நிற்கும் ஹெதர் புதருக்கு அடியில் பெரும்பாலும் கெட்டித் தரை. மஞ்சள் புல் கொத்துக்கொத்தாக நின்றால் ஈரம். பளிச்சென்று பச்சையாக, புல்வெளி விரித்த மாதிரி அழகாக ஒரு திட்டு தெரிகிறதே, அது தண்ணீரில் மிதக்கும் பாசி. முழங்கால் வரை உள்ளே இழுக்கும். பையன் முதலில் ஓடுவது அங்கேதான். ஒரு கைத்தடி கொடுத்து, குத்திப் பார்த்துவிட்டு மிதிக்கச் சொல்லுங்கள். ஒரு ஜோடி காலுறை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

பையில் காகித வரைபடம், திசைகாட்டி, தலையில் மாட்டும் விளக்கு, ஊதல், மழைச் சட்டை இருக்கட்டும். கைபேசி சிக்னல் மேலே வரும், போகும். கிளம்புவதற்கு முன் அவசர உதவி எண்ணான 999க்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள். பேச முடியாத இடத்திலும் செய்தி போய்ச் சேரலாம். பேச முடிந்தால் 999இல் முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். ஊதலில் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி ஊதினால் உதவி கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

வானம் தெளிந்திருந்தால் கிண்டர் வழி இது. ஈடேலிலிருந்து வயல் பாதையில் அப்பர் பூத் சிற்றூர். இது பென்னைன் வே. 1965இல் திறந்த இங்கிலாந்தின் முதல் தேசிய நடைபாதை, இங்கே தொடங்கி 268 மைல் தாண்டி ஸ்காட்லாந்துக்குள் முடிகிறது. அப்புறம் ஜேக்கப்ஸ் லேடர் கல்படிகள், கிண்டர் லோ. அங்கிருந்து வந்த வழியிலேயே கொஞ்சம் இறங்கி, தெற்கு விளிம்பைப் பிடித்துக் கிழக்கே நடந்தால் ஊல்பேக்ஸ் பாறைக் கூட்டம் வரும். கம்பளி மூட்டைகளைக் கொட்டிவைத்த மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும், பையன் அரை மணி நேரம் நகர மாட்டான். பிறகு க்ரிண்ட்ஸ்லோ நோல் வழியாக இறங்குங்கள். க்ரிண்ட்ஸ்புரூக் ஓடை வழி குறுக்கு என்று யாராவது சொல்வார்கள். அது ஈரப் பாறைகளில் கையூன்றி இறங்கும் இடம், களைத்த கால்களுக்கு ஏற்றதல்ல. மதியம் ஒரு மணிக்குள் கிண்டர் லோ தூணை எட்டவில்லை என்றால் ஊல்பேக்ஸை விட்டுவிட்டு, வந்த வழியே ஜேக்கப்ஸ் லேடரில் திரும்பிவிடுங்கள்.