பழைய கணக்கைப் படிக்கப் போகிறேன் என்கிற மகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

உங்கள் மகள் சி.ஏ. வேண்டாம், பொருளாதார வரலாற்றில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் அவள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பது முக்கியம். பொருளியலும் புள்ளியியலும் படித்துவிட்டுப் போனால் வழியில் நாலு இடத்தில் வேலைக்கு இறங்கிக்கொள்ளலாம். கணக்கே வேண்டாம் என்று போனால் கடைசி வரை கல்லூரி வேலை ஒன்றையே நம்பி இருக்க வேண்டும்.

முதலில் இது என்ன படிப்பு என்று பார்த்துவிடுவோம். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கத்திக் கடற்படை அடைத்துவிட, இங்கிலாந்தின் லங்காஷயர் மில்களுக்குப் பஞ்சு வரத்து அற்றுப்போனது. உடனே இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. அப்போதைய திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி, தூத்துக்குடியில் கப்பலேறி ‘டின்னவெல்லி’ என்ற பெயரிலேயே விலை போனது. 1865-ல் போர் முடிந்தது, விலையும் இறங்கியது. சரி, அந்த நாலு வருஷத்தில் வந்த காசு யார் கையில் நின்றது? பயிர் செய்த சம்சாரியிடமா, முன்பணம் கொடுத்த வியாபாரியிடமா, ஏற்றுமதிக் கம்பெனியிடமா? விலை இறங்கிய பிறகு கடனை யார் சுமந்தார்கள்? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இங்குள்ள வருவாய்த்துறைப் பதிவுகள், இங்கிலாந்துச் சந்தை விலைகள், அமெரிக்கப் போரின் போக்கு மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். உங்கள் மகள் செய்ய ஆசைப்படுவது இந்த வேலையைத்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், நெல் வியாபாரம் பார்க்கிற உங்களுக்கு இது உடனே பிடிபடும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நெசவாளிக்கும் தென்னிந்திய நெசவாளிக்கும் கூலியில் எவ்வளவு வித்தியாசம்? வெள்ளிக் காசாக எண்ணினால் நம் ஆள் வாங்கியது ரொம்பக் குறைவு. ஆனால் இங்கே அரிசி மலிவு. கூலியைத் தானியமாக மாற்றிப் பார்த்தால் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நிலைதான் என்று 1998-ல் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி எழுதினார். 2006-ல் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்பிரியா குப்தாவும் அதை மறுத்தார்கள். தானியக் கணக்கிலும் இந்தியா அதற்குள் பின்தங்கத் தொடங்கிவிட்டது, வெள்ளிக் கூலியில் இருந்த பெரிய இடைவெளியையும் ஒதுக்கிவிட முடியாது என்பது அவர்கள் கட்சி. ஐரோப்பா ஏன் முந்தியது, நாம் ஏன் பிந்தினோம் என்கிற பெரிய சண்டை கடைசியில் ஒருநாள் கூலிக்கு எத்தனை படி அரிசி கிடைத்தது என்பதில் வந்து நிற்கிறது. இதில் இறங்குகிறவளுக்குக் கணக்கு வராமல் முடியுமா?

இந்தத் துறைக்கு மதிப்பு இல்லை என்று உங்கள் சொந்தக்காரர் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2023-ல் பொருளியல் நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் வேலையையும் வருமானத்தையும் 200 வருஷப் பதிவுகளில் தேடி எடுத்தவர். 2025-ல் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஜோயல் மோக்கிர் பொருளாதார வரலாற்றாசிரியர். 1930-களின் பெருமந்தத்தை ஆராய்ந்த பென் பெர்னாங்கிதான் 2008 நெருக்கடியின்போது அமெரிக்க மத்திய வங்கியின் தலைமையில் இருந்தார். அவருக்கு 2022-ல் நோபல் கிடைத்தது. சொந்தக்காரருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

நம்ம பக்கத்துப் பிள்ளைக்கு இந்தத் துறையில் ஒரு சௌகரியம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அந்த ஊர்களில் ஒன்று திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம கங்கைகொண்டான். பின்னாலும் ஆராய்ச்சியாளர்கள் அதே ஊருக்கு வந்து திரும்பக் கணக்கெடுத்தார்கள். ஒரே கிராமத்தைத் தலைமுறை தாண்டி ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு எல்லா ஊருக்கும் வாய்க்காது. இன்று அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது, அதையும் சேர்த்து எழுத ஆள் வேண்டும். டேவிட் லட்டன் என்ற அமெரிக்கர் இந்த மாவட்டத்து விவசாய வரலாற்றை மட்டும் வைத்து ஒரு முழுப் புத்தகமே எழுதி, 1985-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கார், பிசானம் என்கிற நம் நெல் பருவங்களை அவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கு அது வீட்டுப் பேச்சு. 1658-ல் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனி, முத்துக்குளிப்பு, துணி வியாபாரம் பற்றியெல்லாம் எழுதிக் குவித்த காகிதங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டச்சு மொழியும் தமிழும் சேர்ந்து தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். பிற்பாடு அவள் அந்த மொழியைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள், இந்தத் துறையில் அது வீண் செலவு ஆகாது.

இப்போது வழி. பிளஸ் டூவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்திருக்கிறாள் என்பது பெரிய ஆறுதல். பி.ஏ. பொருளியல் சேரட்டும். பாளையங்கோட்டையிலேயே படித்தாலும் குறைவில்லை, இளங்கலையில் கல்லூரிப் பெயரைவிட அவள் புள்ளியியலை எவ்வளவு கற்றுக்கொள்கிறாள் என்பதுதான் பின்னால் பேசும். டெல்லி மாதிரி இடங்களுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், கணிதம் என்று தனியாகக் கேட்கிறார்களா, வணிகக் கணிதம் போதுமா என்று சேர்க்கை அறிவிப்பில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். முதுகலைக்குக் கட்டாயம் வெளியே அனுப்புங்கள். சென்னை, டெல்லி, பெங்களூரு எல்லாம் உண்டு. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது, உங்களுக்குச் சென்னையைவிடப் பக்கம்.

எம்.ஏ. பொருளியல் முடித்ததும் முதல் நிறுத்தம். யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியல் முதுகலை வேண்டும், வயது 21 முதல் 30 வரை. ரிசர்வ் வங்கி தன் ஆராய்ச்சித் துறைக்குத் தனியாக அதிகாரிகளை எடுக்கிறது. வரலாறு மட்டும் படித்தவர் இந்த இரண்டு தேர்வையும் எழுத முடியாது, நான் பொருளியலைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுதான் காரணம். ஆராய்ச்சிக்கே போவதென்றால் யூ.ஜி.சி. நடத்தும் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க வேண்டும். முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. ஜே.ஆர்.எஃப். கிடைக்காமல் கைக்காசு போட்டுப் பிஎச்.டி. சேர்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. வெளிநாடு என்றால் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பொருளாதார வரலாற்றுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அங்கே ஒரு வருஷ முதுகலைக்குச் செலவு அதிகம், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு எடுத்துவிட்டால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, மாதப் படியும் அவர்களே கொடுப்பார்கள். ஆனால் அங்கே நுழையக் கணக்கு இன்னும் கடுமையாக வேண்டும்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். பி.ஏ. மூன்று, எம்.ஏ. இரண்டு, பிஎச்.டி. ஐந்து வருஷம் என்று கூட்டினால் படித்து முடிக்கும்போது வயது இருபத்தெட்டுக்கு மேல். நிரந்தரப் பேராசிரியர் வேலை குறைவு. கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த சம்பளத்தில் வருஷக்கணக்கில் காத்திருக்கிற நல்ல படிப்பாளிகளை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். அதனால்தான் எம்.ஏ. முடிந்ததும் தேர்வுகளையும் ஒருகை பார்க்கச் சொல்கிறேன். கல்யாணப் பேச்சைப் பற்றி மதினி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படிப்புக்கு நடுவில் அதை நுழைத்தால் பிஎச்.டி. பாதியில் நிற்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இவளுக்கு உண்மையிலேயே இதில் ஈடுபாடு உண்டா, இல்லை சி.ஏ.வுக்குப் பயந்து சொல்கிறாளா என்பது உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம். தேர்வு முடிந்த விடுமுறையில் கடைப் பரணில் கிடக்கிற பழைய பேரேடுகளை எடுத்துக் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு வரி என்று எக்செல்லில் நெல் விலையையும் சுமைகூலியையும் ஏற்றி, ஒருநாள் கூலிக்கு எவ்வளவு அரிசி வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். தடுமாறுவாள். 1957 ஏப்ரலுக்கு முந்திய கணக்கெல்லாம் அணா பைசாவில் இருக்கும். கோட்டை, மரக்கால் என்கிற பழைய நெல் அளவுகளுக்குக் கிலோக் கணக்குக் கண்டுபிடிக்க வேண்டும். சில வருஷம் கூலியை நெல்லாகவே அளந்திருப்பீர்கள், அதற்கு என்ன விலை போடுவது? நடுவில் ஒரு பேரேடு காணாமல் போயிருக்கும். இந்தத் தலைவலியை ரசித்து, ராத்திரிச் சாப்பாட்டில் உங்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தாள் என்றால் அனுப்பலாம். ஒரு வாரத்தில் மூடி வைத்துவிட்டாள் என்றால் பி.காம்., சி.ஏ. பேச்சைத் திரும்ப எடுங்கள், அதிலும் தப்பில்லை.

எப்படி இருந்தாலும் பொருளியல், வணிகவியல் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான க்யூட் நுழைவுத் தேர்வுக்குப் பதிவு பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும், தேதியைத் தவறவிடாதீர்கள். அந்த எக்செல் கோப்பை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.