ஆறடி உயரம் யாருடைய சாதனை?

கேள்வி: எனக்கு 27 வயது. ஆறடி உயரம், நல்ல நிறம், அடர்த்தியான முடி. நான்கு வருடமாக ஜிம்முக்குப் போய் உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கிறேன். அழகாக இருக்கிறேன் என்று எனக்கே தெரியும்; அதில் பெருமையும் உண்டு. வெளியே சொன்னால் தலைக்கனம் என்கிறார்கள். நன்றாகப் படிப்பவன் மார்க்கைச் சொல்லிப் பெருமைப்படுகிறான், நன்றாகப் பாடுகிறவள் மேடை ஏறுகிறாள். அந்த மூளையும் குரலும் பிறவியில் வந்தவைதானே? உடலழகில் பெருமைப்படுவது மட்டும் எப்படித் தப்பாகும்? ஆபீஸில் முடி கொட்டிப்போன ஒரு நண்பனை விளையாட்டாகக் கிண்டல் செய்தேன். அவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கண்ணாடியில் பார்த்து மகிழ்வதில் ஒரு தப்பும் இல்லை, தம்பி. 'உடம்பு அழியக்கூடியது, உள்ளத்து அழகே அழகு' என்று இரண்டு வரி எழுதி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. உடம்பை மட்டம் தட்டுகிற அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கையும் கிடையாது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஒருவர் திடீரென்று ஒருநாள் சீப்பைக் கேட்டால், ஆள் தேறிவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் உயிர் வருகிறது. குளித்து, தலைவாரி, துவைத்த சட்டை போட்டு நாலு பேர் முன் நிற்க ஆசைப்படுவது மனிதருக்கு இருக்க வேண்டிய ஆசைதான்.

அந்த மகிழ்ச்சியோடு நீங்கள் நின்றிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. 'இது என் சாதனை, அதனால் நான் ஒரு படி மேல்' என்ற நினைப்பு உள்ளே வந்துவிட்டது. அது நியாயமா என்று நீங்கள் கொடுத்த பட்டியலை வைத்தே பார்ப்போம்.

முதலில் உயரம். நூறு ஆண்டுகளில் உலக மக்களின் உயரம் எப்படி மாறியது என்று ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. 1896-இல் பிறந்த தென் கொரியப் பெண்களைவிட 1996-இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 சென்டிமீட்டர் அதிக உயரம். நூறு வருடத்தில் ஒரு இனத்தின் மரபணு அப்படி மாறிவிடாது. மாறியது சாப்பாடு, சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, மருத்துவம். உங்கள் ஆறடியில் ஒரு பங்கு தாத்தா பாட்டி வழியாக வந்தது. இன்னொரு பங்கு, நீங்கள் வயிற்றில் இருந்தபோது உங்கள் அம்மா சாப்பிட்ட சோறும், இரண்டு வயதுக்குள் உங்களுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வராமல் பார்த்துக்கொண்டதும். அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். நீங்கள் பெருமைப்பட இதில் இடமில்லை.

அடுத்து 'நல்ல நிறம்'. சிவப்பு என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த இடத்தை என்னால் சீக்கிரம் தாண்டிப் போக முடியவில்லை. தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்கள் கறுப்பானவர் உடம்பிலும் சிவப்பானவர் உடம்பிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. எவ்வளவு தயாரிக்கின்றன, எந்த வகை என்பதில்தான் வித்தியாசம். நம் ஊர் வெயிலுக்கு அதிக மெலனின் ஒரு பாதுகாப்பு. அறிவியலில் விஷயம் இவ்வளவுதான்.

வீட்டுக்குள் இது இவ்வளவோடு நிற்பதில்லை. பிரசவ வார்டுக்குக் குழந்தை பார்க்க வருகிற பெரியம்மாவோ அத்தையோ அதன் காது நுனியைத் திருப்பிப் பார்ப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். "இப்ப சிவப்பாத்தான் இருக்கு. காதைப் பாரு, போகப் போகக் கறுத்துடும்." பிறந்து இரண்டு நாள் ஆகாத பிள்ளைக்கு, அதுவும் பெண் பிள்ளைக்கு, வரிசையில் இடம் குறித்தாகிவிட்டது. அதற்கும் முன்னால், கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ போட்ட பால். அதனால் குழந்தையின் நிறம் மாறாது என்று டாக்டர்கள் எத்தனை முறை சொன்னாலும் அந்தச் சின்ன டப்பா விற்றுக்கொண்டேதான் இருக்கிறது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர், ஆண்டு விழா நடனத்தில் பின்வரிசை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் போனில் பேசும் அம்மா, "பொண்ணு மாநிறம்தான்" என்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிறார். பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்கு அது கேட்கும்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' போக 2020 வரை ஆனது. விளம்பர க்ரீமைவிட எனக்கு அதிகம் பயம் தருவது, மருந்துச் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி முகத்தில் பூசுகிற ஸ்டீராய்டு களிம்பு. தோல் நோய்க்கு டாக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்கு எழுதித்தர வேண்டிய மருந்து அது. பூசிய சில வாரங்களில் முகம் வெளுக்கும், பூசியவர் சந்தோஷப்படுவார். மாதங்கள் போனால் தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரியும். பருக்கள் கிளம்பும், தாடையில் முடி வளரும், வெயிலில் நின்றாலும் அடுப்படிக்குப் போனாலும் முகம் எரியும். நிறுத்தினால் இதெல்லாம் இன்னும் அதிகமாவதால் நிறுத்தவும் பயந்து மறுபடி அதே ட்யூபை வாங்குவார்கள். 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வகைச் சிறுநீரக பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். அந்த க்ரீம்களில் இருந்தது பாதரசம்.

இதற்கெல்லாம் நீங்கள் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் நிறத்தைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கும்போது அந்த வரிசை சரிதான் என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். முன்னால் நிற்கிறவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை பின்னால் நிறுத்தப்பட்டவர்கள் ட்யூபைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதே காரணத்தால்தான், கறுப்பான ஒரு பெண் 'நான் அழகு' என்று தலைநிமிர்ந்து சொன்னால் அதை நான் தலைக்கனம் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் உள்ள 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. பிறகு நடிகை நந்திதா தாஸும் அதில் சேர்ந்து பேசினார். அப்படிப் பேசுகிறவர்கள் யாரையும் கீழே தள்ளவில்லை. வெண்புள்ளி வந்த ஒருவர், இத்தனை நாள் போட்டிருந்த முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டு அரைக்கைச் சட்டையோடு பஸ் ஏறுகிறார் என்றால் அந்தப் பெருமைக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். தன்னிடமிருந்து பறித்ததை அவர் திரும்ப எடுத்துக்கொள்கிறார். தனக்குக் கிடைத்ததை வைத்து அடுத்தவரை அளப்பது வேறு காரியம்.

ஜிம் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். நான்கு வருடம் விடாமல் போவது சாதாரணமில்லை. அது நீங்கள் செய்தது, தாராளமாகப் பெருமைப்படுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் ஊர் மொத்த மார்க்கெட்டுக்கு ஒருநாள் விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து 50 கிலோ வெங்காய மூட்டை இறக்குகிற லோடுமேனின் தோளையும் முதுகையும் பாருங்கள். அதுவும் உழைப்பால் ஆன உடம்புதான். ஜிம்மில் அப்படி ஒரு முதுகைப் பார்த்தால் என்ன எக்சர்சைஸ் என்று கேட்டிருப்பீர்கள். இவரை யாரும் கேட்பதில்லை. உழைப்புக்காகத்தான் பெருமை என்றால் அவருக்கு உங்களைவிட அதிகம் சேர வேண்டும்.

மூளையும் குரலும் பிறவியில் வந்தவைதானே என்றீர்கள். நல்ல கேள்வி. ஆமாம், பெரும்பங்கு அப்படித்தான். அதனால் மார்க்கைக் காட்டி அடுத்தவனை மட்டம் தட்டுகிறவனும் தப்புதான் செய்கிறான். அவன் வீட்டில் படிக்க ஒரு மேஜையும் மேலே மின்விசிறியும் டியூஷனுக்குப் பணமும் இருந்திருக்கும். பாடுகிற பெண்ணுக்குக் குரல் கொடுப்பினை. விடியலில் எழுந்து வருடக்கணக்கில் சாதகம் செய்தது அவர் உழைப்பு. அவர் பெருமைப்பட வேண்டியது அந்தச் சாதகத்துக்காக. உங்களுக்கும் அதே கணக்கைத்தான் போடுகிறேன். ஜிம்முக்கு உண்டு; உயரத்துக்கும் நிறத்துக்கும் முடிக்கும் கிடையாது.

சரி, முடிக்கு வருவோம். ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் ஓரளவாவது வழுக்கை விழுந்துவிடுகிறது. பரம்பரையும் ஹார்மோனும்தான் முக்கியக் காரணம். உப்புத்தண்ணீர், ஷாம்பு, எண்ணெய் தேய்க்காதது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். உங்கள் நண்பர் அத்தனையையும் முயன்று பார்த்திருப்பார். காலையில் தலையணையில் ஒட்டியிருப்பதை எடுத்து எண்ணியிருப்பார். ஜாதகத்தோடு அனுப்ப எந்தப் போட்டோ என்று வீட்டில் பேச்சு வரும்போது எழுந்து போயிருப்பார். 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞர் இறந்துபோனார். அவர் மருத்துவ மாணவர். மருத்துவம் படித்தவரையே அந்த அளவுக்குத் தள்ளுகிற வேதனை அது. நீங்கள் விளையாட்டு என்று நினைத்தது அவருக்கு விளையாட்டாக இருந்திருக்காது.

பழனிக்கும் திருப்பதிக்கும் போய் விரும்பி மொட்டை போட்டுக்கொள்கிற ஜனங்கள் நாம். அப்படி வருகிற மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை; எந்தக் கோயில் என்று மரியாதையாக விசாரிக்கிறோம். அந்த மரியாதையில் பாதியாவது உங்கள் நண்பருக்குக் கிடைக்க வேண்டாமா?

அவர் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே போய், "நான் பேசினது தப்பு" என்று சொல்லுங்கள். 'விளையாட்டுக்குத்தானே சொன்னேன்' என்பதைச் சேர்க்காதீர்கள். மொட்டைத் தலையும் ஒரு ஸ்டைல்தான் என்று ஆறுதலும் சொல்லாதீர்கள், அவர் தலையைப் பற்றிய பேச்சே வேண்டாம். நாலு பேர் முன்னால் கிண்டல் செய்திருந்தால், மன்னிப்பையும் அந்த நாலு பேர் முன்னாலேயே கேளுங்கள்.