கடைக்காரர் கைகாட்டிய கிராபிக்ஸ் கார்டு கருகிப்போனால் யார் பொறுப்பு?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங், ஆல்பம் டிசைன் செய்து பிழைப்பவன் நான். 2014இல் வாங்கிய கம்ப்யூட்டர். 4ஆம் தலைமுறை ஐ5 பிராசசர், கூடவே வந்த 300 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). இப்போதைய கேமரா வீடியோக்களுக்கு அது திணறியதால், சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரருக்கு உட்புறத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதுக்கு எந்த கார்டுண்ணே போடலாம்?" என்று கேட்டேன். "ஆர்டிஎக்ஸ் 3060 போடுங்க தம்பி, அப்படியே ஓடும்" என்று பதில் போட்டார். 26,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன். பார்சலில் கார்டோடு ஓர் எஸ்டிமேட் சீட்டுதான் வந்தது. கார்டில் செருக வேண்டிய 8 பின் ஒயர் என் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. போன் செய்து கேட்டதற்கு, "சாட்டா ஒயர்லேருந்து மாத்துற கன்வெர்ட்டர் கிடைக்கும், வாங்கி மாட்டிக்கோங்க" என்றார். மாட்டினேன். பதினெட்டாம் நாள் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கருகிய வாடை. கன்வெர்ட்டர் உருகி, கார்டும் மதர்போர்டும் போய்விட்டன. அன்றைக்கே போட்டோ அனுப்பினேன். "எரிஞ்ச கார்டுக்கு வாரண்டி கிடையாது, தப்பு உங்க எஸ்எம்பிஎஸ்ல" என்கிறார். நான்கு மாதம் ஆகிவிட்டது. வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். நீங்கள் அனுப்பிய அந்த ஒரு வரி வாட்ஸ்அப் கேள்விதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் பிரிவு 16 இருக்கிறது. பொதுவாக, வாங்கிய பொருள் நம் உபயோகத்துக்குச் சரிப்படுமா என்பதற்கு விற்றவர் பொறுப்பல்ல. பார்த்து வாங்க வேண்டியது நம் பாடு. ஆனால் "எனக்கு இன்ன காரியத்துக்கு வேண்டும்" என்று சொல்லி, அந்த வியாபாரத்தில் இருப்பவரின் அறிவை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அந்தக் காரியத்துக்கு அது பொருந்தும் என்பது பேசாமலே ஏற்பட்ட நிபந்தனையாகிவிடுகிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய பொருளுக்கு இந்த நிபந்தனை கிடையாது.

கடையில் போய் நின்று "ஒரு 3060 குடுங்க" என்று நீங்கள் கேட்டிருந்தால், உங்களுக்கு நான் தரும் பதில் இரண்டே வரியில் முடிந்திருக்கும். நீங்கள் கார்டின் பெயரைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து காட்டி, எது போடலாம் என்று கேட்டீர்கள். தேர்ந்தெடுத்தது அவர். போட்டோவில் எஸ்எம்பிஎஸ் லேபிள் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். "300" என்ற எண் அதில் படிக்கும்படி இருந்தால், உங்கள் கையில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. புகார் மனுவில் "கார்டு பழுதானது, உற்பத்திக் குறைபாடு" என்று எழுதிவிடாதீர்கள். சொந்தமாக மனு எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பழுது என்று எழுதினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38இன்படி நுகர்வோர் ஆணையம் கார்டைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப நேரிடலாம். அங்கிருந்து "கார்டில் பிழையில்லை, மின் இணைப்புதான் தவறு" என்று அறிக்கை வரும். வழக்கு அதோடு போச்சு. கார்டு நல்ல கார்டாகவே இருக்கட்டும். "நான் காட்டிய இயந்திரத்துக்குப் பொருந்தாததைப் பொருந்தும் என்று விற்றார், பொருந்தவில்லை என்று கேட்டதும் ஆபத்தான வழியைச் சொன்னார்" என்பதுதான் உங்கள் குறை. அதை மட்டும் எழுதுங்கள்.

அந்த ஆபத்தைச் சாதாரணக் கூட்டல் கழித்தலிலேயே காட்டிவிடலாம். 3060 கார்டு முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். மீதி 95 வாட்டாவது அந்த ஒயர் வழியாகத்தான் வர வேண்டும். சாட்டா இணைப்பு ஹார்ட் டிஸ்க்குக்காகச் செய்தது. அதன் 12 வோல்ட் பக்கம் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 54 தாங்கும் இடத்தில் 95ஐ ஏற்றினால் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? இந்தக் கணக்கை உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, கையெழுத்தும் தேதியும் போடச் சொல்லுங்கள். பிறகு பிரமாண வாக்குமூலமாக அதைத் தாக்கல் செய்யலாம். நீதிமன்றத்தில் ஆம்பியர் பேச எனக்கே கூச்சமாக இருக்கும். மெக்கானிக் பேசினால் எடுபடும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் பார்த்துவிடுவோம். இந்தக் கார்டுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 550 வாட். "பெட்டியிலேயே போட்டிருக்கே, படிக்கலையா?" என்பார்கள். 8 பின் இல்லை என்று தெரிந்த அன்றே நீங்கள் கார்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். இரண்டாவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பதை மறைக்க விரும்பவில்லை. இதற்காக ஆணையம் இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கலாம். ஆனால் முதல் வாதம் அவர்களையே திருப்பி அடிக்கும். தயாரிப்பாளரின் எச்சரிக்கையையும் பயன்பாட்டுக் குறிப்பையும் வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லாத விற்பனையாளர், அதனால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாவார் என்கிறது 2019 சட்டத்தின் பிரிவு 86. சொத்தைப் பொறுத்தவரை இந்தப் பிரிவில் "தீங்கு" என்பது விற்ற பொருளைத் தவிர்த்த மற்ற சொத்துக்கு வந்த சேதம். ஆகவே மதர்போர்டை இதன் கீழும், கார்டின் விலையைப் பிரிவு 16, சேவைக் குறைபாடு இவற்றின் கீழும் கேளுங்கள்.

கன்வெர்ட்டர் யோசனை போனில் சொன்னது என்பதுதான் பலவீனமான இடம். இன்றே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நிதானமாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்ன தேதியில் நீங்கள் போனில் சொன்னபடி சாட்டா கன்வெர்ட்டர் மாட்டினேன், அது உருகித்தான் கார்டு போனது." அவர் ஆத்திரத்தில் ஏதாவது பதில் போடுவார். பெரும்பாலும் அதில் ஒப்புதல் ஒளிந்திருக்கும். திட்ட வேண்டாம், மிரட்ட வேண்டாம். உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63இன்படி, மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் கெடுபிடி குறைவுதான், இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

பில் இல்லையே என்று கவலைப்பட்டிருப்பீர்கள். உருப்படியான பில் தராததே 2019 சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை, பிரிவு 2(47). பணம் போனதற்கு உங்கள் வங்கிக் கணக்கு விவரமும், கார்டின் சீரியல் எண்ணும், அந்த எஸ்டிமேட் சீட்டும் போதும். சீட்டில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம்.

அடுத்து, "இவர் தொழில் செய்கிறார், நுகர்வோரே அல்ல" என்ற ஆட்சேபணை கட்டாயம் வரும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துவதைச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார் என்பது வேறு விஷயம். ஆனால் தானே தட்டச்சு செய்து பிழைக்க டைப்ரைட்டர் வாங்கியவரும், தானே ஓட்ட ஆட்டோ வாங்கியவரும் நுகர்வோர்தான், ஒத்தாசைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் எடிட்டிங் கம்ப்யூட்டர் அந்த டைப்ரைட்டரின் பேரன். "சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கி, நானே பயன்படுத்தினேன்" என்ற வாக்கியம் மனுவின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை, நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு, நான்கு மாதம்தான் போயிருக்கிறது. அதற்கு முன் பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள். சில கடைக்காரர்கள் அந்த அழைப்பு வந்ததுமே பேச்சுக்கு வருவார்கள். பாதித் தொகையாவது உடனே கிடைத்தால் யோசித்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தாக்கள் அதைப் படித்ததில்லை.

கேட்கும் தொகை: கார்டு விலை, மதர்போர்டு மாற்றிய பில், வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. கைவிட்டுப்போன கல்யாண ஆர்டர்களுக்கு, முன்பணம் திருப்பிக் கொடுத்த ரசீது இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். 26,000 ரூபாய் கார்டுக்கு ஐந்து லட்சம் கேட்டால் மனுவின் மரியாதைதான் குறையும்.

வழக்கு முடியும்வரை வேலை நிற்காதே, வேறு கார்டு வாங்கத்தானே போகிறீர்கள்? என் அலுவலகக் கம்ப்யூட்டரும் உங்களுடையதன் வயதுதான், அதற்குக் கார்டு தேடியபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு ஓட்டுவதென்றால், ஸ்லாட்டின் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாகப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம் 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி ஒயர் வேண்டாம். 8 ஜிபி ரகம் வேறு, அதற்கு ஒயர் வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதில் ஏமாறாதீர்கள். ஆர்எக்ஸ் 6400 மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் வீடியோவை ரெண்டர் செய்து வெளியேற்ற உதவும் என்கோடர் அதில் இல்லை, உங்கள் தொழிலுக்கு ஆகாது. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 10ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரை அந்த நிறுவனமே கேட்கிறது, உங்களுடையது 4ஆம் தலைமுறை.

இந்த முறை ஜிஎஸ்டி பில்லிலேயே உங்கள் கம்ப்யூட்டர் மாடலையும் "300 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் பயன்படுத்த" என்ற வார்த்தைகளையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். அப்புறம், அந்த உருகிய கன்வெர்ட்டரை வீட்டில் யாரும் குப்பையில் போட்டுவிடாமல், ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி பீரோவில் வையுங்கள்.