வாங்க ஒரு தராசு, விற்க ஒரு தராசு

கேள்வி: திருகோணமலையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மகன் கடையில் நிற்க மறுக்கிறான். "கோயிலுக்குப் போகிற குடும்பம் செய்கிற வேலையா இது?" என்று தாய்க்கு முன்னாலேயே கேட்கிறான். குச்சவெளிப் பக்கத்துப் பெண்கள் கருவாட்டை ஈரத்தோடு கொண்டுவருவார்கள். நாங்களும் கொஞ்சம் பார்த்துத்தானே எடுக்க வேண்டும்? வாங்குகிற தராசில் கை வைக்காதே என்று மட்டும்தான் அவனிடம் சொன்னேன். தகப்பனை மதிக்க வேண்டும் என்பதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: மகனைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 'வாங்குகிற தராசு'. அப்படியென்றால் விற்பதற்கு இன்னொன்று இருக்கிறது. கிலோவுக்கு 100 கிராம் குறைத்துக் காட்டினாலே, 20 கிலோ நெத்தலி சுமந்து வரும் ஒருத்தி 2 கிலோவை உங்கள் கடையில் சும்மா விட்டுப் போகிறாள். வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்த நெத்தலி அது.

இருவகை எடைக்கல்லைப் பாவிக்காதே என்பதோடு விவிலியம் நிற்கவில்லை. உன் பையில் வைத்திருக்கவே கூடாது, இருவகை அளவை உன் வீட்டிலும் இருக்கக் கூடாது என்கிறது அதன் இணைச்சட்டம் என்ற நூலின் 25ஆம் அதிகாரம். நீங்களோ வைத்திருப்பதோடு, அதற்குக் காவலும் போட்டிருக்கிறீர்கள்.

ஈரம் என்கிறீர்கள். சரி, இருக்கட்டும். அதை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லி விலையைக் குறையுங்கள். அவளும் பதில் பேசுவாள், அது வியாபாரம். தராசுக்குள் ஒளித்து வைத்துக் குறைப்பது களவு. நேர்மை விற்கிறவனுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பித்தளை என்று நம்பி ஒருவன் தங்கத்தை விற்க, தெரிந்தே அதை வாங்குகிறவன் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபையின் இறையியல் அறிஞர் புனித தோமா அக்குவினாஸ் எழுதிவைத்தார்.

இனி மகன். தாய் தகப்பனை மதிப்பது பத்துக் கட்டளைகளில் நான்காவது. அதில் நான் ஒரு எழுத்தையும் விட்டுத்தர மாட்டேன். தாய்க்கு முன்னால் குரல் உயர்த்தியது அவன் பிழை. ஆனால் களவெடுக்காதே என்பதும் அதே பத்தில்தான் இருக்கிறது, ஐயா. தகப்பனுக்காக அதை மீறச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளைக்குச் சோறு போடுவது மட்டுமா தகப்பன் கடமை? அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டால் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

அந்தத் தராசை இன்றைக்கே உடைத்துப் போடுங்கள். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று இயேசுவிடம் சொன்னார் வரி வசூலித்த சக்கேயு. உங்களால் நான்கு மடங்கு முடியாவிட்டால் எடுத்ததையாவது கொடுங்கள். யாரிடம் எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்று கடைக் கொப்பியில் இருக்குமே. அதை எடுத்துக்கொண்டு குச்சவெளிக்குப் போங்கள். மகனையும் கூட வருகிறாயா என்று கேளுங்கள். வா என்று கட்டளையிட வேண்டாம்.