கையோடு கொண்டுவரும் ஆத்தங்குடிக் கல் என்று ஒன்று இல்லை

கேள்வி: தேவகோட்டை பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 35 பேரை ஒருநாள் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கும் ஆத்தங்குடிக்கும் கூட்டிப்போக ஆசை. ஏற்பாடு செய்பவர் ஒருவர் தலைக்கு 650 ரூபாய் கேட்கிறார். மியூசியம், செட்டிநாட்டுப் பெரிய வீடு, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பயிற்சி, கொட்டான் என்ற பனையோலைக் கூடை முடையும் பயிற்சி எல்லாம் அதில் அடக்கமாம். பிள்ளைகள் தாங்கள் செய்த கல்லைக் கையோடு கொண்டுவரலாம், சான்றிதழும் உண்டு என்கிறார். நம்பலாமா?

பதில்: கையோடு கல் என்று சொன்ன இடத்திலேயே அவரை விட்டுவிடுங்கள். அந்தக் கல் செய்யும் முறை இது: கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள். அது குழம்பின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் பிடிப்பார்கள். பிறகு காயவிட்டு, பல நாள் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவைக்க வேண்டும். இதற்குச் சூளை கிடையாது. பலம் அந்த ஊறலில் வருகிறது, மினுமினுப்பு அடியில் கிடந்த கண்ணாடியால் வருகிறது. அன்றைக்கே எடுத்தால் வண்டி ஏறுவதற்குள் விரிசல் விட்டுவிடும். ஆக, பிள்ளை கையில் கொடுப்பது யாரோ செய்த பழைய சரக்கு. தான் செய்தது என்று பிள்ளை அதை வீட்டில் காட்டும். பிள்ளையிடம் போய் இந்தப் பொய்யைச் சொல்லலாமா?

ஆத்தங்குடியில் நேராகப் பட்டறைக்காரரிடம் பேசுங்கள். காலை நேரம் நல்லது. 35 பேரை மூன்று குழுவாகப் பிரியுங்கள். பிள்ளைகள் வண்ணம் ஊற்றுவதோடு நிற்கட்டும். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும், கலவையில் கைவைக்க விடாதீர்கள். அவர்கள் ஊற்றிய கல்லில் நான்கைந்துக்கு மட்டும் பின்புறம் அடையாளம் போடச் சொல்லி, இரண்டு மூன்று வாரம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி வாசலில் பதித்தால் எல்லோருக்கும் சொந்தம்.

கொட்டானுக்கும் இதே கதைதான். ஒரு மணி நேரத்தில் முழுக் கொட்டான் முடைய முடியாது. அடியைப் பாய் போலப் பின்ன முடியும். மூலை திருப்பும் இடத்தில்தான் பழகாத கை தடுமாறும், ஓலை பிளக்கும். ஓலை ஈரத்துணியில் சுற்றி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். காய்ந்த ஓலை உடையும், அதன் விளிம்பு விரலை அறுக்கும். ஏழு பிள்ளைகளுக்கு ஒரு முடைபவர் வேண்டும், அதாவது ஐந்து பேர். அவர்களுக்கு எவ்வளவு கூலி என்று அந்த ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பதில் வராது. புவிசார் குறியீடு பெற்ற கைவேலை இது. காசு முடைகிற பெண்கள் கைக்கே போகட்டும்.

அடுத்தது நாள். திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டியிருக்கும். மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனியும் விடுமுறை. பள்ளிக்கூடம் விட்டிருக்கும் நாளில் அருங்காட்சியகத்தைப் பூட்டினால் பிள்ளை எந்த நாளில் வரும்? எத்தனை வருடமாகவோ இது யாருக்கும் உறைக்கவில்லை. ஆகவே இரண்டாம் சனி அல்லாத ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

பெரிய வீடு விஷயத்தில் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல, பல பங்காளிகளுக்குப் பொது. காவல்காரர் 'வாங்க' என்பார், மனமாரத்தான் சொல்வார். ஆனால் கல்யாணமோ, சாந்தியோ (அறுபதாம் கல்யாணம் போன்றது), படைப்போ (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) வந்துவிட்டால் வெளியூர்ப் பங்காளிகள் வந்து வீட்டின் உள்முற்றமான வளவு நிறைந்துவிடும். அன்று வெளியாள் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. முந்தின நாள் மாலை போன் செய்து 'நாளைக்கு வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா?' என்று இந்த வார்த்தையிலேயே கேளுங்கள். 'திறந்திருக்குமா' என்று கேட்டால் திறந்திருக்கும் என்றுதான் பதில் வரும்; விசேஷ வீடும் திறந்துதானே இருக்கும்! அனுமதி கிடைக்காவிட்டால் தெருவில் நின்று முகப்பைக் காட்டுங்கள், போதும். கானாடுகாத்தான் அரண்மனையையும் வெளியே நின்று பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பாட்டாளர்கள் 'மியூசியம்' என்று சொல்லிப் பழம்பொருள் கடைக்குள் கூட்டிப்போவதும் உண்டு. விற்றால் அவர்களுக்குக் கமிஷன். வாசலில் விலைச்சீட்டு தெரிந்தால் அது கடை. உங்களோடு வரும் ஆசிரியர்கள் ஆசைப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம், கைவினைப் பொருளெல்லாம் தொல்பொருள்; சிலவற்றைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சிங்கப்பூர் அண்ணனுக்கு என்று வாங்கிக் கொடுத்தால் விமான நிலையத்தில் மாட்டுவது அண்ணன், விற்றவர் அல்ல.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அருங்காட்சியகம் தானே நடத்தும் மாணவர் போட்டிகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மே 18 உலக அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். பெரும்பாலும் அவற்றை ஒட்டித்தான் நிகழ்ச்சி வைப்பார்கள். மே மாதம் உங்களுக்குக் கோடை விடுமுறை, அதனால் நவம்பரைக் குறிவையுங்கள்.

பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு, அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியருக்கு மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். தேதி, வந்து சேரும் நேரம், பிள்ளைகள் எண்ணிக்கை, கூட வரும் ஆசிரியர் எண்ணிக்கை, மாணவர் கட்டணச் சலுகை வேண்டும் என்பது, எந்தக் கூடத்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது எல்லாம் ஒரே பக்கத்தில் வரட்டும். தபாலை நம்ப வேண்டாம்; நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லையென்றால் அன்று பணியில் இருப்பவருக்கு நீங்கள் வருவதே தெரியாது.

எல்லாக் கூடத்தையும் காட்ட வேண்டாம். செப்புத் திருமேனிக் கூடம் ஒன்றில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு திருமேனியின் கையை மட்டும் வரையச் சொல்லுங்கள். பென்சில் மட்டும், பேனா மை சிந்தினால் துடைக்க முடியாது. கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு, ஒன்று வாங்கினால் போதும்.