முன்பணம் வேண்டாம், வார்டு ஆபீசுக்குப் போங்கள்

அண்ணாச்சி, அந்த இருபதாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மும்பை தாராவியில் உங்கள் சால் (வரிசைக் குடியிருப்பு) சங்கத்துக்கு உலக வங்கியிலிருந்து வெள்ளத்தடுப்பு நிதி வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உலக வங்கிப் பணம் அப்படி வராது. அது பெரும்பாலும் அரசுக்குத் தரும் கடன். மத்திய நிதியமைச்சகம் வழியாகத்தான் மாநிலத்துக்கு வரும்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஏதாவது கொடுக்க முன்வந்தாலும் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குச் சங்கம் 3 ஆண்டாவது நடந்திருக்க வேண்டும். அதற்குள் 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்த கணக்கும் காட்ட வேண்டும். இல்லாமல் வாங்கினால் வழக்கு உங்கள் நிர்வாகிகள் மேல் வரும்.

15ஆவது நிதி ஆணையம் மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிக்கென்றே பிரிக்கப் பரிந்துரைத்தது. வெள்ளம் வருமுன் செய்யும் வேலைக்கான பணம் அது. அதுவும் அரசுத் துறைகள் வழியாகத்தான் செலவாகும், எனவே கோரிக்கை மாநகராட்சியிலிருந்து தொடங்க வேண்டும். தாதரில் ஜி நார்த் வார்டு ஆபீசுக்குப் போங்கள். மனு மராத்தியில் இருக்கட்டும். எந்தச் சந்து, எந்த நாலா (மழைநீர்க் கால்வாய்), முழங்கால் வரையா இடுப்பு வரையா, எத்தனை மணி நேரம் தேங்கியது என்று தேதியோடு எழுதி, போட்டோவும் வையுங்கள். பெற்றதற்கு முத்திரை வாங்காமல் வராதீர்கள்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை கொட்டியது. அன்று என் அப்பா சயானிலிருந்து மார்பளவுத் தண்ணீரில் நடந்தே வந்தார். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மராத்தி மனு எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.